உதிர்கிறதா... பிடுங்குகிறதா?

கூண்டுக்கு அடியில் இறகு கிடக்கிறதா? பதறாதீர்கள். முதலில் அந்த இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள்!

"அம்மா... கிளிக்கு முடி கொட்டுதும்மா! செத்துப் போயிடுமா?"

பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் உங்கள் பிள்ளை இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டால் என்ன செய்வீர்கள்? போய்ப் பார்த்தால் கூண்டுத் தட்டு முழுக்க இறகு. கிளியின் கழுத்தோரம் சொட்டை. போன வாரம் வரை பளபளவென்று இருந்தது, இப்போது உரித்த தேங்காய் மாதிரி நிற்கிறது. உடனே பக்கத்து வீட்டுக்காரர் "மஞ்சளைக் குழைச்சுப் பூசுங்க" என்பார். பறவைக் கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார். மாமியார், "அது இறகு மாத்துது, சும்மா விடு" என்பார்.

இதில் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் எப்போதும் அல்ல! சரியா, இல்லையா என்று கண்டுபிடிக்க உங்கள் கண்ணும் பத்து நிமிஷப் பொறுமையும் போதும். கவனிக்க வேண்டியது எத்தனை இறகு விழுந்தது என்பதை அல்ல. விழுந்த இடத்தில் புதிது முளைக்கிறதா என்பதைத்தான்.

முதல் இறகு மாற்றம்

இறகு என்பது நம் தலைமுடி, நகம் மாதிரி ஒரு புரதப் பொருள். முழுசாக வளர்ந்த பிறகு அதற்கு உயிர் கிடையாது. வெயில், உரசல் என்று நாளாக நாளாகத் தேயும். தேய்ந்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாக முளைக்க வைப்பதுதான் இறகு உதிர்ப்பு. காக்கை, குருவி, கோழி எல்லாமே இதைச் செய்கின்றன. நம் வீட்டுக் கோழி ஒரு பருவத்தில் முட்டையை நிறுத்திவிட்டுப் பரட்டையாகத் திரியுமே, அதே கதைதான்.

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிற சின்னக் கிளிகளின் உண்மைப் பெயர் பட்ஜி. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. இது பிறந்து மூன்று, நான்கு மாதத்தில் முதல் முறையாக இறகு மாற்றும். குஞ்சுப் பருவத்தில் மூக்குக்கு மேலேயே ஆரம்பித்துத் தலை முழுக்கக் கறுப்புக் கோடு கோடாக இருக்கும். முதல் மாற்றம் முடிந்ததும் நெற்றிப் பகுதியில் கோடு மறைந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெளியும். "வாங்கும்போது கோடு இருந்துச்சு, இப்ப காணோம், கிளியை மாத்திட்டாங்களா?" என்று சந்தேகப்பட வேண்டாம். உங்கள் கிளி பெரிய மனுஷியாகிறது, அவ்வளவுதான்!

கொண்டை வைத்த காக்டெய்ல் கிளிக்கு இது சுமார் ஆறு மாதத்தில் தொடங்கும். ஒரு வயதுக்குள் முழு உடையும் மாறிவிடும். அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது உதிரும். வீட்டுக்குள் ராத்திரியும் விளக்கு எரிந்தால், விடிந்ததும் பொழுது சாய்வதும் பறவைக்குப் புரியாமல், காலம் தப்பியும் உதிர்க்கும்.

முதல் சோதனை: விழுந்த இறகு

தட்டில் கிடக்கும் இறகுகளில் நாலைந்தை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். அடிக்காம்பைப் பாருங்கள்.

தானாக உதிர்ந்த இறகு முழுசாக இருக்கும். அடிக்காம்பு வெளிறி, காய்ந்து, சுத்தமாக இருக்கும். நுனி கொஞ்சம் தேய்ந்திருக்கலாம்.

பிடுங்கிய இறகு வேறு மாதிரி. அடியில் ரத்தக் கறையோ ஈரச் சதையோ ஒட்டியிருக்கும். காம்பு நடுவில் மடங்கியிருக்கும். ஓரமெல்லாம் கத்தரிக்கோலால் கன்னாபின்னாவென்று வெட்டியது போல மென்று வைத்திருக்கும். சில கிளிகள் முழுசாகப் பிடுங்காது. உடம்பில் இருக்கும்போதே மென்று மென்று அரை இறகாக்கி விடும். அப்போது தட்டில் இறகுத் துணுக்குகள்தான் கிடக்கும்.

இரண்டாவது சோதனை: தலை

இது ரொம்ப சுலபமானது, பலருக்குத் தோன்றாதது. எந்தக் கிளியாலும் தன் தலையைத் தானே கொத்த முடியாது! அலகு எட்டாதே. ஆகவே...

நெஞ்சு, தொடை, இறக்கைக்கு அடிப்பக்கம் எல்லாம் மொட்டை, தலை மட்டும் அழகாக, ஒரு இறகு குறையாமல் இருக்கிறதா? தானே பிடுங்குகிறது என்று சந்தேகப்படுங்கள்.

தலை, கழுத்து, உடம்பு என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, தலையில் பொடிப்பொடி முள்ளாக முளைத்திருக்கிறதா? இறகு மாற்றம்தான். இறக்கையில் இடது பக்கம் ஒன்று விழுந்தால் வலது பக்கமும் அதே இடத்தில் ஒன்று விழும். பறக்கும்போது ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு.

தலை மட்டும் மொட்டையா? ஜோடிக் கிளி கொத்துகிறதா என்று கவனியுங்கள். தொந்தரவு செய்கிற கிளியைப் பிரித்துத் தனிக் கூண்டில் விட்டால் கொஞ்ச நாளில் தலை தேறிவிடும். தனியாக இருக்கும் கிளிக்குத் தலை மொட்டையானால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

மஞ்சள் கலந்த வெள்ளைக் காக்டெய்லில் கொண்டைக்குப் பின்னால் சின்னச் சொட்டை இருந்தால் அது பரம்பரையாக வருவது. நோயல்ல. கடையிலிருந்து வாங்கி வரும்போதே குஞ்சின் முதுகு மொட்டையாக இருந்தால், கூட்டில் தாயோ தகப்பனோ கொத்தியிருக்கலாம். தனியே வந்தபின் பெரும்பாலும் முளைத்துவிடும்.

மூன்றாவது சோதனை: முள்ளிறகு

வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். உதிர்ந்த இடங்களில் வெள்ளை உறை போட்ட முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதுதான் புது இறகு. உள்ளே ரத்த ஓட்டம் இருப்பதால் அடிப்பக்கம் கருநீலமாகத் தெரியும். நாளடைவில் உறை பொடியாக உதிர்ந்து உள்ளிருக்கும் இறகு விரியும். இந்தப் பொடியைப் பார்த்து "பொடுகு" என்று ஷாம்பூ வாங்கியவர்களும் உண்டு!

இந்த நாட்களில் கிளி கொஞ்சம் சிடுசிடுப்பாக இருக்கும். தொட்டால் கத்தும். பகலில் தூங்கும். அடிக்கடி கோதும். ஆனால் நன்றாகச் சாப்பிட வேண்டும். எச்சம் வழக்கம்போல இருக்க வேண்டும். பறக்க முடியாத அளவுக்கு இறக்கை காலியாகக் கூடாது. வெறும் தோல் பெரிய திட்டாகத் தெரியவே கூடாது. தெரிந்தால் அது சாதாரண உதிர்ப்பு அல்ல.

அப்புறம் ஒரு நோட்டை எடுங்கள். இரண்டு வாரம், மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம். பக்கத்தில் தேதி, சாப்பாடு, எச்சம். இந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். பதினாலு நாளில் முள் விரிந்து இறகானால் நிம்மதி. முள்ளே வராமல் மொட்டை பெரிதானால் டாக்டரிடம் காட்ட உங்கள் கையில் ஆதாரம் தயார். முதல் நாளே வெறும் தோல் திட்டாகத் தெரிந்தாலோ, ரத்தம் கண்டாலோ இந்தப் பதினாலு நாள் கணக்கெல்லாம் கிடையாது. நேரே டாக்டர்தான்.

உதிர்வதும் இல்லை, பிடுங்குவதும் இல்லை!

இளங்குஞ்சுகளுக்கு மூன்றாவதாக ஒரு ஆபத்து இருக்கிறது. கூட்டை விட்டு வெளியே வருகிற வயதில் பட்ஜி குஞ்சுக்கு இறக்கையிலும் வாலிலும் உள்ள நீள இறகுகள் மட்டும் கொட்டிப்போகும். பறக்க முடியாமல் தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு வைரஸ்தான் பெரும்பாலும் காரணம். இன்னொரு வைரஸ் இறகையும் அலகையும் சேர்த்துக் கெடுக்கும். புது இறகு கோணலாக, நடுவில் இறுக்கிக் கட்டியது போல முளைக்கும். இரண்டுமே இறகுத் தூசி, எச்சம் வழியாக மற்ற பறவைகளுக்குப் பரவக்கூடியவை. அதனால்தான் புதிதாக வாங்கும் கிளியை ஒரு மாதமாவது வேறு அறையில், வேறு தண்ணீர்க் கிண்ணத்தோடு வைக்கச் சொல்கிறார்கள்.

அலகோரத்திலும் மூக்கிலும் சுண்ணாம்பு பூத்தது போல இருந்தால் உண்ணியின் வேலை. ராத்திரி முழுக்க நெளிந்து கொத்திக்கொண்டே இருக்கிறதா? கூண்டின் மேல் வெள்ளைத் துணி போர்த்திவிட்டு, காலையில் துணியைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி ஓடினால் செவ்வுண்ணி!

பிடுங்குவது ஏன்?

நோய் எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகும் பிடுங்கினால் அதன் வாழ்க்கையைப் பாருங்கள். கூட்டமாக வாழப் பிறந்தது கிளி. அதை ஒற்றையாக, திரும்பக்கூட இடமில்லாத கூண்டில், யாரும் பேசாத வராந்தாவில் வைத்தால் பாவம், அது என்ன செய்யும்? நாம் நகத்தைக் கடிக்கிறோம். அது இறகைக் கடிக்கிறது.

நாளுக்கு பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ராத்திரி பதினொன்று வரை டி.வி. ஓடுகிற ஹாலில் கூண்டு இருந்தால் தூக்கம் ஏது? இறக்கையைத் தாறுமாறாக வெட்டிவிட்டால் அந்த முனை குத்திக் குத்தியே பிடுங்க ஆரம்பிக்கும். புதுக் கம்பிவலைக் கூண்டில் உள்ள துத்தநாகப் பூச்சைக் கொறித்தால் உடம்பில் விஷம் ஏறும். புதுக் கூண்டை வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

இதையெல்லாம் ஏன் சீக்கிரம் கவனிக்க வேண்டும் என்கிறேன் தெரியுமா? பிடுங்குவது பழக்கமாகிவிட்டால், காரணம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர்ப்பை சிதைந்து, அங்கே இறகு முளைக்காமலே போய்விடும். தொடங்கிய சில வாரங்களுக்குள் கவனித்தால் தேற வாய்ப்பு அதிகம்.

நம் ஊருக்கென்றே ஒரு பிரச்னை

விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி... கந்தக பூமி. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது. தீபாவளி என்றில்லை; கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, தேர்தல் வெற்றி எதுவானாலும் சரவெடிதான். நமக்குப் பழகிவிட்டது. கிளிக்கு?

திடீர் வெடிச்சத்தத்தில் பயந்துபோன பறவை வால் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிடுவது உண்டு. கழுகு பிடித்தால் வாலை விட்டுவிட்டுத் தப்பிக்க இயற்கை கொடுத்த வழி அது. குறிப்பாகக் காக்டெய்ல் ராத்திரியில் மிரண்டு கூண்டுக்குள் முட்டி மோதும். வளரும் முள்ளிறகு ஒடிந்தால் ரத்தம் கொட்டும். மறுநாள் பார்க்கிற நாம், "பிடுங்கியிருக்கு" என்று நினைப்போம். ஆகவே இறகு கொட்டியதற்கு முந்தின ராத்திரி தெருவில் என்ன நடந்தது என்றும் நோட்டில் எழுதுங்கள்.

புகை இன்னும் மோசம். பறவையின் நுரையீரல் காற்றை நம்மைவிடத் திறமையாக உறிஞ்சும். விஷத்தையும் அப்படியே உறிஞ்சும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான்-ஸ்டிக் தவாவை வெறுமனே காயவிட்டால் வரும் புகைகூடக் கிளியைக் கொன்றுவிடும்.

பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஊர் மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல வருஷங்களாகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசை நம்பிப் பிழைக்கும் ஊரில் அப்படி இருக்கச் சொல்லவில்லை. நம் கிளிக்காக இதைச் செய்யலாமே:

* உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கப்பட்டது. இந்த நேரத்துக்கு அரை மணி முன்பே கூண்டைத் தெருவைப் பார்க்காத உள் அறைக்கு மாற்றுங்கள். மற்ற நேரமும் வெடிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அன்று முழுக்க அங்கேயே இருக்கட்டும்.

* ஜன்னலை மூடுங்கள். கூண்டின் மூன்று பக்கம் துணி போர்த்துங்கள். ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள்.

* சின்ன ராத்திரி விளக்கு ஒன்று எரியட்டும். இருட்டில்தான் மிரட்சி அதிகம். மெல்லிய குரலில் ரேடியோ பாடினால் நல்லது.

* பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகத்தில் வேலை பார்த்து வருகிறவர்கள் குளித்து, உடை மாற்றிவிட்டுக் கிளியைத் தொடுங்கள். மருந்துத் தூசி ஒட்டிய துணியை அது அலகால் கவ்வும். பட்டாசுக் காகிதக் குழாய், தீக்குச்சி இவற்றை ஒருபோதும் விளையாடக் கொடுக்காதீர்கள்.

விளையாட என்ன கொடுப்பது? நம் ஊரில் பனைக்கா பஞ்சம்! சுத்தமான பனையோலையைப் பின்னித் தொங்கவிடுங்கள். மருந்தடிக்காத வேப்பங்குச்சி கொடுங்கள். இறகைக் கடிக்கிற அலகு ஓலையைக் கடிக்கட்டும்.

சாப்பாடும் குளியலும்

இறகு முழுக்க முழுக்கப் புரதம். வெறும் தினையை மட்டும் போட்டுவிட்டு இறகு முளைக்கவில்லையே என்றால் எப்படி? தினையில் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் போதாது. முருங்கைக் கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல், முளைகட்டிய பாசிப்பயறு கொடுங்கள். உதிர்கிற நாட்களில் வேகவைத்த முட்டை கொஞ்சம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். கணவாய் ஓடுதான் அது. கூண்டில் மாட்டினால் கொறித்துக் கால்சியம் எடுத்துக்கொள்ளும். கீரையை நன்றாக அலசுங்கள், பூச்சிமருந்து இருக்கும். சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நமக்கு. கிளிக்கு வேண்டாம். சாக்லேட், காபி, அவகாடோ மூன்றும் விஷம்.

நம் வறண்ட வெயிலில் தோல் அரிக்கும். காலை நேரத்தில் அகலத் தட்டில் ஒரு விரல்கடை தண்ணீர் வையுங்கள். அல்லது துணிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயைக் கழுவிவிட்டு மழைச்சாரல் மாதிரி தெளியுங்கள். வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். குளித்த கிளி பிடுங்காமல் கோத ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள் பூச வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிப்போய் உடல்சூட்டைக் காக்காது. அதைக் கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும். மூட்டைப்பூச்சி மருந்து, கொசு ஸ்பிரே பக்கத்திலேயே கூடாது. நமக்கு வாங்கிய ஆயின்ட்மென்ட், மாத்திரை கூடாது. முள்ளிறகை நாமே பிடுங்கக் கூடாது. ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சுத்தத் துணியால் மெதுவாக அழுத்தி, டாக்டரிடம் போங்கள். பிடுங்குகிற கிளியைத் திட்டாதீர்கள். திட்டுவதுகூட அதற்கு ஒரு கவனிப்புதான், மறுபடி செய்யும்!

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால், ஒரு நாள் சாப்பிடாவிட்டால், வால் ஆடி ஆடி மூச்சுவிட்டால், எச்சம் தண்ணீராகப் போனால், ரத்தம் நிற்காவிட்டால், தோலையே கிழித்துக்கொண்டால் நோட்டு, படமெல்லாம் அப்புறம். பறவைகள் நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது ஏற்கெனவே நாள் ஆகியிருக்கும்.

முதலில் உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனை. மேற்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தட்டில் போட்ட தாளை எச்சத்தோடும், விழுந்த இறகுகளை ஒரு கவரிலும் கொண்டு போங்கள். கூண்டைக் கழுவிவிட்டு மட்டும் போகாதீர்கள்!

வீட்டு மனுஷங்களும் முக்கியம்

இறகு உதிரும் காலத்தில் தூசி அதிகம், காக்டெய்லுக்கு இன்னும் அதிகம். ஆஸ்துமா, வீசிங் உள்ள பிள்ளையின் படுக்கையறையில் கூண்டு வேண்டாம். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, மூக்கை மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடையுங்கள். கிளியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாயில் வைத்து ஊட்டும் கொஞ்சல் வேண்டாம். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலோ வறட்டு இருமலோ வந்தால் "வீட்டில் கிளி இருக்கு" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் காய்ச்சல் ஒன்று உண்டு; சொன்னால் உடனே மருந்து கொடுக்க முடியும்.

இன்னொன்று. நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிவப்பு மூக்குக் குஞ்சை யாராவது கூடையில் கொண்டுவந்து விற்றால் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருப்பதுகூட இலையிலும் மாதுளம்பூவிலும் தினமும் புதிதாகச் செய்கிற கிளிதானே!

பிள்ளையின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். "செத்துப் போகாதுடா கண்ணா. பழைய சட்டையைக் கழட்டிப் போட்டிருக்கு. புதுச் சட்டை வருதான்னு நாம தினமும் பார்ப்போம். வரலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்."